கூழ்ப் பானையும் ஒரு கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம். மனக்காயம் ஆறுவதைப் பற்றிப் பேசச் சொல்லி தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற டீச்சர். ஆறு வருடத்துக்கு முன் கணவரை இழந்தவள்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவு, நாலு மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். எந்த நர்ஸ் எந்தப் பக்கம் போனாள், சுவர்க் கடிகாரம் எத்தனை காட்டியது, ஒன்று விடாமல். அவர்கள் போனதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லப் பாரம் குறையும் என்றார்கள். ஒரு வருடமாகியும் குறையவில்லை.

இதைத்தான் நாம் அசை போடுவது என்கிறோம். மாட்டுக்காவது தீனி செரிக்கும். சூசன் நோலன் ஹோக்செமா என்ற உளவியலாளர், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபரில், கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஏழு வாரம் கழித்துப் பார்த்தால், முன்பே அசை போடும் பழக்கம் இருந்தவர்களிடம்தான் சோர்வு அதிகம் தங்கியிருந்தது.

அப்படியென்றால் 1996இல் நிறவெறி ஆட்சிக் கொடுமைகளை விசாரித்த பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன்னால் தாய்மார்கள் வந்து அழுதது வீணா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அங்கே கேட்க ஆள் இருந்தது, எழுதி வைத்தார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று அந்த ஆட்சி போட்ட குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் வீட்டை விட்டு வந்த என் ஆயாவிடம் அப்படி யாரும் வந்து கேட்கவில்லை. நானும் ஆஸ்பத்திரி மேல் புகார் எழுதிக் கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. கொடுத்த பிறகும் ராத்திரி ராத்திரியாக அந்தப் புகாரையே மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேனே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆடி மாதம் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். எதுவும் விசாரிக்கவில்லை. "வாம்மா, கோயில்ல கை பத்தல" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். மாரியம்மனுக்குக் கூழ். இங்கே மக்காச்சோள மாவில்தான் காய்ச்சுகிறோம். இடுப்பளவு பானை, கையில் ஒரு துடுப்பு. நின்றால் கட்டி தட்டும், அசந்தால் அடிப்பிடிக்கும். புகை கண்ணில் ஏறுகிறது, தோள் வலிக்கிறது, யாரோ மோரை ஊற்றுகிறார்கள், இன்னொருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே மருமகளைத் திட்டுகிறாள். பானை இறங்கிய பிறகுதான் தோன்றியது, இரண்டு மணி நேரம் அந்தச் சுவர்க் கடிகாரம் ஞாபகத்துக்கே வரவில்லை. கொஞ்சம் குற்ற உணர்வாகக்கூட இருந்தது, அவரை மறந்துவிட்டோமோ என்று.

அப்புறம் மனநல ஆலோசகர் ஒருவரிடமும் போனேன். அவர் பழைய கதையைக் கிளறவில்லை. சைபரிலிருந்து பத்துக்குள் இன்றைக்கு எத்தனை என்றார். மூன்று என்றேன். "ஏன் இரண்டு இல்லை?" என்றார். அமெரிக்காவில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய சிகிச்சை முறையில் வரும் கேள்வியாம் இது. ஏன் பத்து இல்லை என்று கேட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் தொடங்கியிருப்பேன். இவர் கேட்டதற்கு யோசித்து, "காலையில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

எல்லாக் காயமும் கூழ் கிண்டினால் ஆறிவிடாது. தூக்கமே வராமல், அதே காட்சி கண்முன் வந்து கொல்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எனக்கும் அந்தக் கடிகாரம் இன்னும் வருகிறது. முன்பெல்லாம் விடிய விடிய இருக்கும், இப்போது டீ போட்டுக் குடிப்பதற்குள் போய்விடுகிறது. இந்த ஆடிக்கும் எங்கள் கோயிலில் கூழ் உண்டு. விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவோம். வருகிறவர்கள் வீட்டில் நீளத் துடுப்பு இருந்தால் கொண்டுவாருங்கள். போன வருடம் ஒன்று உடைந்துபோயிற்று.