பிரேக் ஷூ வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. ஹட்டனில் காலையிலிருந்து விடாத மழை. கராஜ் தகரத்தில் விழுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாமானைக் காட்டத்தான் இன்றைக்குக் கமராவை எடுத்தேன்.

இதோ, கிட்டக் கொண்டு வருகிறேன். டொல்பின் வேனின், அதாவது பழைய டொயோட்டா ஹைஏஸ் வேனின் பின் சக்கரத்து பிரேக் ஷூ. இரும்பு தனியாக, அதன் மேல் ஒட்டியிருக்கிற உராய்வுப் பட்டையான லைனிங் தனியாக வந்துவிட்டது. இரும்பைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கிறது, பசை பிடித்த தடமே இல்லை. நல்ல ஷூ என்றால் லைனிங் உடைந்தாலும் பாதி இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், சுரண்டினாலும் இலேசில் வராது. இதைப் பூட்டி மூன்று வாரம்தான் ஆகிறது.

இது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன். கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது பின்னால் கடகடவென்று கேட்டிருக்கிறது, டிரைவர் அண்ணன் உடனே ஓரங்கட்டிவிட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லை. ஆனாலும் எனக்கு இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. வாங்கியதும் நான், பூட்டியதும் நான்.

வழக்கமாக வாங்குகிற கடையில் அன்று சாமான் இருக்கவில்லை. அவசரத்துக்கு வேறொரு கடைக்குப் போனேன். பெட்டியில் பெரிதாக ஒரு ஜப்பான் பெயர், உள்ளே ஷூவில் ஒரு நம்பரும் இல்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். திருப்பிக் கொண்டுபோனபோது பிரேக் சாமான் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். பில்லைப் பார்த்தால் ‘பிரேக் ஷூ 1 செட்’ என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கம்பனி, எந்த நம்பர், ஒன்றுமே இல்லை. அதை வைத்து யாரிடம் போய் நியாயம் கேட்பது?

2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். நடுவில் 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. அதனால் பழைய வேன்களைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம், சாமான் விலையும் எட்டாத உயரத்தில். மலிவாகக் கிடைத்தால் கை நீளத்தான் செய்யும். அதற்கு யாரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

சரி, யாரை நம்பி வாங்குவது? விலை சொல்வதற்கு முன்னால் கடைக்காரர் என்ன கேட்கிறார் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் நான் வாங்குகிற முதலாளி ‘சேசிஸ் நம்பரைச் சொல்லுங்க தம்பி’ என்றுதான் பேச்சையே தொடங்குவார். டொல்பின் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் மொடலுக்கு மொடல் சாமான் மாறும். டொயோட்டாவில் முன் பிரேக் பேட் நம்பர் 04465 என்றும், பின் ஷூ 04495 என்றும் தொடங்கும். அதற்குப் பிறகு வருகிற ஐந்து இலக்கம்தான் எந்த வண்டிக்கு என்று சொல்லும். அந்த முழு நம்பரையும் அவர் பில்லில் எழுதித் தருவார். பிழையான சாமான் வந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார், இரண்டு முறை மாற்றியும் தந்திருக்கிறார்.

மெஷின் சாமானுக்கும் இதே கதைதான். போன மாதம் கந்தப்பளையிலிருந்து ஒரு தோட்டக்கார ஐயா தண்ணீர் பம்பைக் கொண்டுவந்தார். கரட் பாத்தி காய்கிறது, அவருக்குப் பதற்றம். அதில் போனது பேரிங், அதன் நம்பர் 6205. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் 25 மில்லிமீற்றர், உள்ளே போகிற ஷாஃப்டின் அளவு அதுதான். வெளி விட்டம் 52, அகலம் 15. நுவரெலியாவில் ஒரு கடைக்கு போன் எடுத்து நம்பரைச் சொன்னேன். ‘ரப்பர் சீலா, தகர மூடியா?’ என்று உடனே கேட்டார் அந்தப் பையன். தண்ணீர்ப் பக்கம் என்றால் ரப்பர்தான் வேண்டும். அந்தக் கேள்வி வந்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது, அவர் போன் நம்பரை இப்போது சேமித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், பழைய சாமானைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர்களிடமும் படம் கேளுங்கள். பெட்டியின் படம் போதாது, சாமானில் அடித்திருக்கிற நம்பர் தெரிய வேண்டும். முகநூலில் பார்த்த முகம் தெரியாத ஆளுக்கு முழுக் காசையும் முன்கூட்டியே போடாதீர்கள். எஞ்சின், கியர் பெட்டி பழையது வாங்கலாம், கேட்டுப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து வாங்கலாம். பிரேக் ஷூவும் வீல் சிலிண்டர் ரப்பரும் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம்.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் இப்படிக் கேள்வி கேட்டுச் சாமான் கொடுக்கிற கடை தெரிந்தால் கீழே எழுதுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள்.

வேன் இன்னும் ஜாக்கியில்தான் நிற்கிறது. புது ஷூவை முதலாளி கொழும்பு பஸ்ஸில் போட்டுவிட்டார், ஐந்து மணிக்கு ஹட்டனுக்கு வந்துவிடும். குடையை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போகிறேன். பார்சலை அங்கேயே பிரித்து, நம்பரை இந்தப் பழைய பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவருக்கு போன் எடுப்பேன்.