தச்சர் மகனுக்கு 24 வருஷம், பிரபு மகனுக்கு 6 வருஷம்

நடுவர் அவர்களே, வணக்கம். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவிகளைக் காசு கொடுத்தே வாங்கலாம். அங்கே ஒரு அதிகாரியை உயர்த்தியது திறமையா, பணமா? பணமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் காலின் காம்பெலைத் தூக்கிப் பிடித்தார். கிளாஸ்கோ தச்சர் மகன் ஃபீல்ட் மார்ஷல் ஆனாரே, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். ஐயா, அவர் எங்கள் சாட்சி! கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

தச்சரின் குடும்பப் பெயர் மக்லைவர். காம்பெல் என்பது தாய்மாமன் வீட்டுப் பெயர். பையனைப் படிக்கவைத்து, 1808இல் 15 வயதில் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவர் ராணுவத்தில் இருந்த அந்த மாமாதான். வாசலே சிபாரிசில் திறந்தது. சரி, அதை விடுவோம்.

1813, ஸ்பெயினில் சான் செபாஸ்டியன் கோட்டை. பீரங்கி பிளந்த மதிலின் இடிபாட்டில் முதலில் ஏற ஒரு சிறு படை வேண்டும். உயிரோடு திரும்புவோம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டுப் போகிற படை. அதற்குத் தலைமை தாங்கியவர் 20 வயது காம்பெல். உடம்பில் இரண்டு காயம். காசில்லாமல் கேப்டன் பதவி கிடைத்தது.

அப்புறம்? மேஜர் ஆனது 1825இல். 12 வருஷம்! 'சண்டை ஓய்ந்த காலம், காலியிடம் இல்லை' என்பார்கள். அதே காலத்தில்தான், பின்னாளில் கார்டிகன் பிரபு ஆனவர் 1824இல் குதிரைப்படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்து, 1830இல் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். ஒரு போரையும் பார்க்காமல்!

காலாட்படையில் அந்தப் பதவிக்கு அரசு போட்ட விலை 4,500 பவுண்டு. கத்தரிக்காய் மாதிரி விலை எழுதி வைத்திருந்தார்கள், நடுவர் அவர்களே. திரைமறைவில் கைமாறியது தனி. 24 வருஷம் உழைத்த காம்பெல்லும் 1832இல் அதை விலைக்குத்தான் வாங்கினார்.

'அதற்கு மேலே விற்பனை இல்லையே' என்று எதிரணித் தம்பி முணுமுணுக்கிறார். இல்லைதான் தம்பி, அங்கே சீனியாரிட்டி வரிசை. அந்த வரிசையில் முந்தி நிற்கத்தான் இந்தக் காசு! 1854 ஜூனில் இருவருமே மேஜர் ஜெனரல். ஒருவர் ஸ்பெயினிலும் சீனாவிலும் பஞ்சாபிலும் 46 வருஷம் அடிபட்டவர். இன்னொருவர் 30 வருஷத்தில் சுட்டது, தன் படையின் முன்னாள் அதிகாரி ஒருவரை, ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையில்.

ஃபீல்ட் மார்ஷல் ஆனாரே? ஆனார், 1862 நவம்பரில், 70 வயதில். அடுத்த ஆகஸ்டில் இறந்துவிட்டார். பதவி விற்பனை நின்றது 1871இல்.