காட்டுச் சாலையில் இரவு லாரி

நேயர்களுக்கு வணக்கம்.

சத்தியமங்கலத்திலிருந்து சாமராஜநகர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, பண்ணாரி சோதனைச்சாவடியைத் தாண்டியதும் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்து, 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திம்பத்தை அடைந்து, ஆசனூர் வழியாகக் காரப்பள்ளம் வரை காட்டுக்குள்ளேயே போகிறது. கொங்கு மண்டலத்துச் சரக்கு கர்நாடகத்துக்கு ஏறுவதற்கும், அங்கிருந்து காய்கறியும் தானியமும் இங்கே இறங்குவதற்கும் இது குறுக்கு வழி. மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் திம்பத்து மேட்டு நிலத்துக்கும் இடையே தண்ணீரையும் தீவனத்தையும் தேடி நடமாடும் யானைகளோ இந்தச் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். லாரியும் யானையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்து நிற்பதற்கான காரணம் அவ்வளவுதான். அந்த நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். விபத்து நடந்த மறுநாள் செய்தியில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே குற்றவாளியாக நிற்கிறார். அவரை அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு அனுப்பியவர்கள் எவரும் நம் கண்ணில் படுவதில்லை.

முதலில் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து சாலையைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். எதிரே ஏதோ நிற்கிறது என்று கண் கண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை வினாடி போய்விட்டால், அதற்குள்ளாகவே 25 மீட்டர் கடந்திருக்கும். அதன் பிறகு, சாலை காய்ந்திருந்து பிரேக்கும் நல்ல நிலையில் இருந்தாலும், லோடு ஏற்றிய வண்டி முழுமையாக நிற்பதற்கு இன்னும் 30 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஆக மொத்தம் 55 மீட்டர். எதிரே வண்டி வருகிறதே என்று விளக்கை டிம் செய்துகொண்டு போகிறவருக்குத் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவுதான். அதாவது, அந்த வேகத்தில் போகிறவர் தம் கண்ணுக்கு எட்டாத தூரத்தை நம்பியே ஓட்டுகிறார். இதே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 30 மீட்டரில் நின்றுவிடும். காட்டுச் சாலையில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். மழையில் நனைந்த சாலையிலும் இறக்கத்திலும் இந்தத் தூரம் இன்னும் கூடும்.

விலங்குகளின் உருவமும் இருட்டுக்குத் துணை போகிறது. டிம் செய்த விளக்கின் ஒளி தாழ்ந்து விழுவதால், சாலையோரம் நிற்கும் யானையின் உடல் ஒளிக்கு மேலே இருட்டிலேயே இருந்துவிடும். அடிமரங்களைப் போலக் கால்கள் மட்டும் தெரியும், அவை நகர்ந்த பிறகுதான் யானை என்று புரியும். கரிய நிறத்துக் காட்டுமாட்டின் முழங்காலுக்குக் கீழே உள்ள வெண்மை மட்டும்தான் முதலில் கண்ணில் படும். நன்கு வளர்ந்த ஆண் காட்டுமாடு ஒரு டன் எடைவரை இருக்கும் என்பதை இத்துடன் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கடமான் விளக்கொளியில் கண் கூசி, ஓடாமல் நடுச்சாலையிலேயே நின்றுவிடும். புள்ளிமான் கூட்டமாக வருவது. ஒன்று கடந்துவிட்டதென்று வேகத்தைக் கூட்டினால், பின்னால் பாய்ந்து வருவதில் வண்டி மோதும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் மேலே அடுக்கிய பாரம் ஒரு பக்கம் சாய்ந்து லாரி பள்ளத்தில் உருளும். இடித்தாலும் இழப்பு, ஒதுங்கினாலும் இழப்பு என்ற நிலைக்கு வந்துவிட்ட பிறகு ஓட்டுநரின் திறமைக்கு அங்கே அதிக வேலை இல்லை. 2023 ஜூன் மாதம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், பலமநேர் அருகே காய்கறி லாரி மோதி மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், சந்தைக்குக் காய்கறி எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் வழக்கத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

விடியற்காலைச் சந்தைக்குச் சரக்கு வந்து சேர வேண்டுமென்றால் லாரி நள்ளிரவில் மலை இறங்கியாக வேண்டும். இந்த நேரத்தைக் குறிப்பவர் சரக்கு அனுப்புகிறவர். அதற்கு ஒப்புக்கொள்கிறவர், லாரிக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ்காரர். ஓட்டுநருக்குக் கிடைப்பது ஒரு நடைக்கு இவ்வளவு என்ற பேட்டாதான். வழியில் ஓர் இரவு நின்றால் அந்த இரவுக்குக் கூலி இல்லை; அடுத்த நடையும் கைவிட்டுப் போகும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு என்றும் வகுத்தது. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரிப் பட்டறையில் நிற்கும் எந்த ஓட்டுநரிடம் வேண்டுமானாலும், கடைசியாக அப்படி ஓட்டிய நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, பாதித் தூக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு அந்த ஒன்றரை வினாடி போதாது.

இரவில் வண்டிகளுக்குத் தடை விதிப்பதே இதற்கு விடை என்று பலரும் சொல்கிறார்கள். நானும் அதை முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை தடை இருக்கிறது. பண்ணாரி – காரப்பள்ளம் சாலைக்கு ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019 ஜனவரியில் பிறப்பித்த இரவுத் தடை அறிவிக்கை மூன்று ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் 2022 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறகு சில தளர்வுகளும், 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான கட்டுப்பாடும் வந்தன. காட்டுக்கு அப்பால் மேட்டு நிலத்தில் உள்ள தாளவாடிப் பக்கத்து விவசாயிகள் தங்கள் விளைச்சல் தேங்கிப்போகும் என்று போராடினார்கள். அவர்களுடைய அச்சத்தை வீண் என்று என்னால் தள்ளிவிட முடியாது.

ஆனால் தடையைச் சோதனைச்சாவடிக் கதவோடு நிறுத்திவிட்டால் அதற்கே உரிய ஆபத்து ஒன்று பிறக்கிறது. கதவு மூடுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று மாலையிலும், இரவெல்லாம் காத்திருந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டும் என்று காலையிலும் லாரிகள் விரையும். அந்தி மங்கும் நேரமும் பொழுது புலரும் நேரமும்தான் யானையும் மானும் மிகுதியாக நடமாடும் நேரங்கள்.

கரும்பு லாரிகளின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். தாளவாடிப் பகுதியிலிருந்து சத்தியமங்கலத்து ஆலைக்கு வரும் லாரிகளில் அளவுக்கு மீறி உயரமாக அடுக்கிய கரும்பு, காரப்பள்ளம் சோதனைச்சாவடியின் உயரத் தடுப்பில் இடிபடாமலிருக்க, மேல் கட்டுகளை அங்கேயே இறக்கிப் போடுவது வழக்கமாயிற்று. கிடந்த கரும்பைத் தின்று பழகிய யானைகள், பிறகு சாலையில் நின்று லாரியை மறித்துத் துதிக்கையால் கரும்பை உருவத் தொடங்கின. கைபேசியில் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பவர்கள், குட்டியையும் அழைத்துக்கொண்டு லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தாய் யானையை ஒரு கணம் கவனிக்க வேண்டும். இப்படிப் பழகிய யானைக்கு லாரியின் ஓசை ஆபத்தின் அறிகுறியாகத் தோன்றாது. கூடுதலாக ஏற்றிய சில கட்டுக் கரும்புதான் அதைச் சாலைக்கு அழைத்து வந்தது.

சாலை அமைப்பவர்களால் செய்யக் கூடியவை பல உண்டு. மத்தியப் பிரதேசத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் இடையே பெஞ்ச் காட்டு வழியாகச் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையின் மகாராஷ்டிரப் பகுதியில், விலங்குகள் கீழே கடப்பதற்காக 9 இடங்களில் சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் நீளமானது 750 மீட்டர். அவற்றின் அடியில் புலிகளும் கடந்து செல்வதைத் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்துள்ளன. வளைந்து வளைந்து ஏறும் திம்பத்தில் அப்படிக் கட்டுவது எளிதன்று. அங்கே சாலையோரத்து உண்ணிச்செடிப் புதரை வெட்டிப் பார்வையைத் திறந்து வைப்பதும், வேகத்தடைகளைப் பழுதில்லாமல் பராமரிப்பதுமே பெரிய உதவி.

ஓட்டுநர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். யானையைக் கண்டால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை மாற்றி மாற்றிப் போடாதீர்கள், கிளீனரையோ உதவியாளரையோ கீழே இறக்கிவிடாதீர்கள். கூட்டம் முழுவதும் கடந்த பிறகும் சற்றுப் பொறுங்கள், பின்தங்கிய குட்டி ஒன்று இருக்கலாம். ஏதேனும் விலங்கின் மீது மோத நேர்ந்தால், வழக்குக்கு அஞ்சி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடாமல் அடுத்த சோதனைச்சாவடியில் உடனே சொல்லுங்கள். அடிபட்டு உயிரோடு கிடக்கும் விலங்குக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்து வரும் வண்டிக்கும் அந்த எச்சரிக்கை தேவை.

சரக்கு உரிமையாளர்களிடமும் லாரி உரிமையாளர்களிடமும் கேட்பது இதைவிடச் சிறியது. சரக்கை இறக்கத் தாமதமானால் ஹால்டிங் என்னும் காத்திருப்புக் கட்டணத்தைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. காட்டு வாயிலில் நிற்கும் இரவுக்கும் அதே ஹால்டிங்கை எழுதிக்கொடுத்து, அதில் ஒரு பங்கை ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் பேட்டாவாகச் சேர்க்க வேண்டும். வந்து நின்ற நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் குறித்து வனத்துறை ஒரு சீட்டுக் கொடுத்தால் கணக்கில் தகராறு வராது. நிற்கும் இடத்தில் குடிநீரும் கழிப்பறையும் விளக்கும் இருக்கட்டும். வாடகை பேசும்போதே இந்த ஓர் இரவையும் சேர்த்துப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.