எண்ணெய் பிரியட்டும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மலேசியாவில் குடும்பமே நடத்தும் சின்னக் கடையில் சாப்பாடு ஏமாற்றுவது ஆள் பற்றாக்குறையாலா, அவசரத்தாலா? அவசரத்தால்தான் என்கிறது எங்கள் அணி.

காலை ஏழு மணி. பெரியவர் ஒருவர் வழக்கமான மேசையில் உட்காருகிறார். நாசி லெமாக் வருகிறது: தேங்காய்ப்பால் சோறு, மிளகாய் விழுதை வதக்கிய சம்பல், பொரித்த நெத்திலி. சோறு மேலே விறைப்பு, அடியில் காந்தல். சம்பலில் மிளகாயின் பச்சை வாடை. நெத்திலி நமத்துக் கிடக்கிறது. ஒரு வாய் வைத்தார், தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய், மறுபடியும் தண்ணீர். அய்யா, பசியாற வந்த மனிதருக்கு வயிற்றை நிரப்பியது தண்ணீர்தான்!

சோறு ஏன் கெட்டது? கெட்டித் தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றிவிட்டார்கள். அடி பிடித்தது, மேலே அரிசி வேகவில்லை. இரண்டாம் பாலில் வாசனைக்குப் பாண்டான் என்ற ரம்பை இலையும் இஞ்சியும் போட்டு வேகவிட்டு, நீர் வற்றும்போது கெட்டிப்பாலை ஊற்றிக் கிளறிப் பத்து நிமிடம் மூடியிருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடம் அவர்களிடம் இல்லை!

எதிரணி நண்பர் கேலி செய்தார்: "சம்பலுக்கு என்னய்யா சாஸ்திரம்? அரைச்சோம், கொதிச்சது, இறக்கினோம்!" நண்பரே, நீங்கள் இறக்கிய சம்பல்தான் பெரியவர் வயிற்றில் எரிகிறது! 100 கிராம் காய்ந்த மிளகாயை ஊறவைத்து விதை நீக்கி, 300 கிராம் சின்ன வெங்காயம், பூண்டு, வறுத்த பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்த்து அரைத்தாகிவிட்டது. சரி. ஒன்றரைக் கப் எண்ணெயில், சிறு தீயில், 40 நிமிடம் கிளறியது யார்? கொதிப்பது விழுதில் உள்ள தண்ணீர். அது வற்றினால்தான் எண்ணெய் பிரியும், பச்சை வாடை போகும். மாக்சிக் என்று நாம் அழைக்கும் மலாய் அத்தைமார்கள் 'பெச்சா மிஞ்ஞாக்' என்பது இந்த எண்ணெய் பிரிவதைத்தான். அதற்குப் பிறகுதான் புளிக்கரைசல், சர்க்கரை. சர்க்கரையை முன்னால் போட்டால் கருகும். பொரித்த நெத்திலியைப் பரிமாறும்போதுதான் வைக்க வேண்டும். இதற்குப் பத்து ஆள் எதற்கு? ஒரு கை போதும், அது அடுப்பை விட்டு நகராமல் இருந்தால்!

மீண்டும் அந்த மேசைக்கு வாருங்கள். பெரியவர் முழுக் காசையும் கொடுத்தார். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிச் சோறு மிச்சமிருந்த தட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனது. கடையைத் தொடங்கிய அம்மா, இப்போது பாத்திரம் கழுவுகிறவர், அந்தச் சம்பலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அடுப்படியில் நிற்கும் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாயை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.