ஏர் ஷோவுக்கு 7 லட்சம் பேர் வந்தாங்களாம்! யாரு எண்ணினா, எப்படி எண்ணினா?

[திரையில்: ஓஷ்காஷ் விமானத் திடல், மேலிருந்து]

ஒருத்தர் ஏர் ஷோவுக்கு வர்றார். ஏழு நாளும் தங்கி, தினமும் காலையில வாசலைத் தாண்டி உள்ள போறார். அவர் ஒரு பார்வையாளரா, ஏழு பார்வையாளரா? பதில் ரெண்டுமே சரிதான். ஆனா எதை எடுத்துக்கறோம்ங்கறதைப் பொறுத்து தலைப்புச் செய்தியே மாறிடும்.

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல, ஓஷ்காஷ் ஊர்ல வருஷா வருஷம் ஜூலை கடைசியில இ.ஏ.ஏ.ங்கற விமான ஆர்வலர் சங்கத்தோட 'ஏர்வெஞ்சர்' ஏர் ஷோ நடக்குது. 2023-ல சுமார் 6,77,000, 2024-ல 6,86,000, 2025-ல 7,04,000னு வருகையை அறிவிச்சாங்க. ஏழு நாளால வகுத்தா நாளைக்கு ஒரு லட்சம். இந்த 7,04,000-ஐ தினசரி வருகைகளோட கூட்டுத்தொகைனு எடுத்துக்கிட்டு, ஆளுக்கு சராசரியா மூணு நாள் வந்ததா வச்சுப் பாருங்க. தலைக்கணக்கு சுமார் 2,35,000-தான்!

கண்காட்சித் துறையில இதுக்குத் தெளிவான விதி இருக்கு. உலகக் கண்காட்சித் துறைச் சங்கமான யு.எஃப்.ஐ.யும் ஐ.எஸ்.ஓ. 25639 தரமும் 'பார்வையாளர்' வேற, 'வருகை' வேறனு பிரிச்சே வச்சிருக்கு. ஒரே ஆள் ஒரே நாள்ல பத்து தடவை வெளிய போய் வந்தாலும் அன்னைக்கு ஒரு வருகைதான். பாரிஸ் ஏர் ஷோவுல 2019-ல மொத்தம் 3,16,470. அதுல தொழில்துறையினர் 1,39,840, பொதுமக்கள் 1,76,630னு பிரிச்சுச் சொன்னாங்க. எண்ணிக்கைன்னா இப்படித்தான் வரணும்!

[திரையில்: கையில பட்டை, ஸ்கேனர்]

டிக்கெட் விற்பனையை வச்சே சொல்லிடலாமேனு தோணும். முடியாது. வாங்கினவங்க எல்லாரும் வர்றதில்ல. வர்றவங்க எல்லாரும் வாங்கறதில்ல. ஓஷ்காஷ்ல 2022-லிருந்து 18 வயசு வரைக்கும் இலவசம். கடைக்காரங்க, தன்னார்வலர்கள், விமானிகள், பத்திரிகையாளர்கள் எல்லாருக்கும் தனி பாஸ்.

அதனால வாசல்ல ஸ்கேன். இதுலயும் ஒரு பொறி இருக்கு. தொப்பியை மறந்துட்டு காருக்குப் போய்த் திரும்பி வர்றவர் ரெண்டாவது ஸ்கேன் ஆயிடறார். மொத்த ஸ்கேனை அப்படியே கூட்டினா தப்பு. ஒரு கைப்பட்டையோட எண்ணை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எடுக்கணும். நெட்வொர்க் போயிட்டா ஒவ்வொரு ஸ்கேனரும் தனித்தனியா சேமிச்சு, அப்புறமா அனுப்பும். ஒரே டிக்கெட் ரெண்டு வாசல்ல நுழைஞ்சிருந்தாலும் அது சாயங்காலம்தான் தெரியவரும். இன்னொண்ணு: முக்கியமான விமானம் பறக்கப்போற நேரத்துல வரிசை நீண்டுட்டா, பாதுகாப்பு கருதி ஸ்கேன் பண்ணாமலே உள்ள விட்டுடுவாங்க. அது சரியான முடிவுதான், ஆனா அந்த இருபது நிமிஷம் கணக்குல ஓட்டை.

ஏர் ஷோவுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. கூட்டத்துல ஒரு பகுதி வானத்துலேர்ந்து வருது! சொந்த விமானத்துல வந்து இறங்கி, இறக்கைக்குப் பக்கத்துலயே கூடாரம் போடறவங்க கார் வாசலைத் தொடறதே இல்ல. அவங்களை விமானப் பதிவு மேசையிலதான் பிடிக்கணும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் கணக்கு சுத்தமானது: 2023-ல 11 நாள்ல 21,883 ஆப்பரேஷன். ஆனா இறங்கினா ஒண்ணு, ஏறினா ஒண்ணு. ஒரே விமானம் பல தடவை ஏறி இறங்கும். அதை ரெண்டால வகுத்து, 'இத்தனை விமானம் வந்துச்சு'னு சொல்லிட முடியாது. முகாம்ல 13,000-க்கு மேல இடங்கள், தங்கினவங்க சுமார் 40,000னு அறிவிக்கறாங்க. வகுத்துப் பாருங்க, இடத்துக்கு மூணு பேர். இந்த 'மூணு' மாதிரி ஒரு பெருக்கல் எண் பெரிய கணக்கு எல்லாத்துக்குள்ளயும் உட்கார்ந்திருக்கு.

கார் நிறுத்தத்துலயும் அதே கதைதான். சாலையில ரப்பர் குழாய் போட்டிருப்பாங்க. அது காரை எண்ணாது, அச்சைத்தான் எண்ணும். ரெண்டு அச்சு ஒரு வண்டி. ரெண்டு அச்சு கேரவனை இழுத்துக்கிட்டு வர்ற கார் மொத்தம் நாலு அச்சு, அதாவது ரெண்டு வண்டியா பதிவாகும். ஒரே ஷட்டில் பஸ் நாளெல்லாம் சுத்திச் சுத்திப் பதிவாகும். அப்புறம் காருக்கு எத்தனை பேர்? 20,000 காருக்கு 2.4 போட்டா 48,000. 3 போட்டா 60,000. அதனால இருபது காருக்கு ஒரு காரை நிறுத்தி உள்ள தலையை எண்ணணும், அதையும் மணிக்கு மணி செய்யணும். விடியக்காலையில கேமராவோட ஒத்தையா வர்றவங்க அதிகம். பத்து மணிக்கு மேலதான் குடும்பங்கள் வரும். காலை சராசரியை நாள் முழுக்கப் போட்டா கணக்கு குறைஞ்சுபோயிடும்.

[திரையில்: பார்வையாளர் வேலி, மூணு நிறத்துல பட்டைகள்]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. டிக்கெட்டே இல்லாத, வேலி இல்லாத இலவச ஷோவை எப்படி எண்றது? 1967-ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல இதழியல் பேராசிரியர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் ஒரு வழி சொன்னார். இடத்தைக் கட்டம் கட்டமா பிரி, அடர்த்தியைப் பார், பெருக்கு. தளர்வான கூட்டத்துல ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமானதுல 4.5, இடிச்சுக்கிட்டு நின்னா 2.5.

இதை ஏர் ஷோவுல போட்டுப் பார்ப்போம். வேலி 2 கிலோமீட்டர் நீளம், கூட்டம் 60 மீட்டர் ஆழம்னு வைங்க. மொத்தம் 1,20,000 சதுர மீட்டர். வேலியோரம் 10 மீட்டர்ல கேமராக்காரங்க, சதுர மீட்டருக்கு 2 பேர்: 40,000. அடுத்த 30 மீட்டர்ல மடக்கு நாற்காலி, விரிப்பு. ஆளுக்கு 2 சதுர மீட்டர் போயிடும்: 30,000. பின்னாடி 20 மீட்டர் நடைபாதையும் கடைகளும், ஆளுக்கு 4 சதுர மீட்டர்: 10,000. மொத்தம் 80,000. இப்போ வேலியோர போட்டோவை மட்டும் பார்த்து அதே அடர்த்தியை எல்லா இடத்துக்கும் போடுங்க: 2,40,000! மூணு மடங்கு! தாழ்வான கோணத்துல எடுத்த போட்டோவுல தலைகள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி தெரியும். பெரும்பாலான மிகைக் கணக்கு இங்கதான் பிறக்குது.

சரி, மேலேர்ந்து ட்ரோன் விட்டு எண்ணலாமே? விமானம் சாகசம் பண்ற வான்வெளியில ட்ரோனுக்கு இடமில்ல. செயற்கைக்கோள்? வேர்ல்ட்வியூ-3 மாதிரி கூர்மையானதுலகூட ஒரு புள்ளி தரையில 31 சென்டிமீட்டர். ஒரு தலை ஒரு புள்ளிக்குள்ளயே அடங்கிடும். கூட்டம் சொரசொரப்பாதான் தெரியும், ஆள் தெரியாது.

இன்னும் இருக்கு. உச்சி வெயில்ல திடல்ல நிழல் எங்க? இறக்கைக்குக் கீழ! சி-17 போக்குவரத்து விமானத்தோட இறக்கைப் பரப்பு சுமார் 353 சதுர மீட்டர், அதுவும் உயரத்துல இருக்கு. சதுர மீட்டருக்கு ஒருத்தர் உட்கார்ந்தாலே 350 பேர், மேலேர்ந்து எடுக்கற எந்தப் படத்துலயும் இல்லாத 350 பேர். இதுக்கு நேர் எதிரா, கயிறு கட்டி வச்சிருக்கற போர் விமானத்தைச் சுத்தி ஆளே கிடையாது. அந்த இடத்தைக் கழிக்கணும். ஒரு பக்கம் கூட்டணும், ஒரு பக்கம் கழிக்கணும். இதைக் கவனிச்சுப் பண்றவங்களோட கணக்கை நான் நம்புவேன்.

படம் எந்த நேரத்துல எடுத்ததுங்கறதும் முக்கியம். பறத்தல் இடைவேளையில பாதிப்பேர் அரங்குக்குள்ள இருப்பாங்க. முக்கியமான விமானம் ஏறும்போதுதான் எல்லாரும் வேலிக்கு வருவாங்க. அப்பவும் கிடைக்கறது அந்த நிமிஷத்து உச்சக் கூட்டம்தான். காலையில வந்து கிளம்பினவங்களைச் சேர்க்கணும்னா உள்ளே வந்தவங்க, வெளியே போனவங்க ரெண்டு கணக்கும் வேணும். கழிப்பறை, தண்ணீர், அவசர வழி எல்லாம் அந்த உச்சத்தை வச்சுத்தான் திட்டமிடணும். விளம்பரதாரர் கேக்கறது நாள் மொத்தத்தை.

செல்போன் டவர் கணக்கு? ஒருத்தர்கிட்ட ரெண்டு சிம், குழந்தைகிட்ட ஒண்ணுமில்ல, பக்கத்து நெடுஞ்சாலையில போறவரும் சேர்ந்துடுவார். துணைக்கு வச்சுக்கலாம், தனியா நம்பக்கூடாது.

அடுத்த தடவை ஏதாவது ஏர் ஷோ போட்டோ கிடைச்சா, வரைபடத்துல வேலியோட நீளத்தை அளந்து, மூணு பட்டையா பிரிச்சு, உங்க கணக்கைக் கமெண்ட்ல போடுங்க. எந்தப் பட்டைக்கு என்ன அடர்த்தி போட்டீங்கனு சேர்த்து எழுதுங்க. அது இல்லாட்டி சரிபார்க்க முடியாது.