கொல்லன் பட்டறையில் கிடக்கும் கதை

(தருமபுரியில் சிறுகதை எழுதும் இளைஞர்கள் கூடிய நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர் பழைய தகடூர். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி வைத்த வேல்கள். ஔவை பார்த்துவிட்டு, எங்கள் அரசனின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து 'கொல்துறைக் குற்றில' கிடக்கின்றன என்கிறாள். கொல்லனின் சின்னப் பட்டறையில். புறநானூற்றில் 95ஆம் பாட்டு அது.

நாம் எழுதும் கதைகளில் பாதி, நோட்டுக்குள் மாலை போட்டுக்கொண்டு இருக்கின்றன. அவை பட்டறைக்குப் போக வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அடுத்தவர் வேல்களைத் தட்டி நிமிர்த்துகிறானே, அந்தக் கொல்லனைப் பற்றி. கதைக்குக் கொல்லன், அடுத்தவர் எழுதியதைப் படித்துக் குறையைக் காட்டுபவன். அதிகம் கற்றுக்கொள்பவன் அவன்தான்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் ஒரு கதை எழுதினேன். கூலிக்குப் புளி தட்டும் ஒரு தாய். மாசி, பங்குனியில் நம் பக்கத்துத் திண்ணைகளில் ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுக்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாயின் துயரத்தை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். புளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "தம்பி, அந்தம்மா அழுதுகிட்டே இருக்காங்க. சரி. அவங்க கை எங்கப்பா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பல மாதங்கள் அவரிடம் பேசவில்லை. கதையையும் தொடவில்லை.

பிறகு ஒரு நாள், என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் தன் கதையைக் கொண்டுவந்தான். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் அப்பா. அவர் கலங்குகிறார், மகளை நினைத்து ஏங்குகிறார். ஆனால் கதை முழுக்க அவர் கையில் துடுப்பே இல்லை. சுழலில் பரிசல் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவர் பரிசல்காரராக இல்லாமல் கடைக்காரராக இருந்திருந்தாலும் கதையில் ஒரு சொல் மாறியிருக்காது. அதை அவனிடம் சொல்ல வாய் திறந்தபோதுதான் அண்ணனின் கேள்வி எனக்கு விளங்கியது. அன்று இரவே என் கதையை எடுத்தேன். கறுத்துப்போன விரல்கள், நகக்கண் வெடிப்பில் புளிப்பு ஏறும் எரிச்சல், அந்தக் கையாலேயே பிள்ளைக்குக் களி ஊட்டுவது. எழுத எழுத அழுகை தானாகக் குறைந்தது.

மாதக்கணக்கில் கண்ணுக்குப் படாத குறை ஒரே மாலையில் எப்படித் தெரிந்தது? நம் கதையை நாம் படிக்கும்போது தாளில் இல்லாததையும் சேர்த்தே படிக்கிறோம். அந்தத் தாயின் கை என் மனத்தில் இருந்தது, அதனால் கதையிலும் இருப்பதாக நம்பிவிட்டேன். அந்தப் பையனின் கதையில் எனக்குத் தாள் மட்டும்தான். அங்கே பழகிய கண்தான் நம் பக்கத்துக்குத் திரும்பி வருகிறது.

நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. நூல்களுக்குச் சொன்னவை. கதைக்கும் வைத்துப் பாருங்கள். மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல். எனக்கு மிகவும் பிடித்தது 'சென்று தேய்ந்து இறுதல்'. கம்பீரமாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது. நாம் எழுதும் கதைகளில் எத்தனைக்கு இந்த நோய்!

படிக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை பென்சில் வேண்டாம். வாசகராகப் படியுங்கள். இரண்டாம் தடவை, மனம் விலகிய இடத்தில் கோடு போடுங்கள். போட்டுவிட்டு இரண்டு பத்தி மேலே போய்ப் பாருங்கள். பிசகு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அது எழுதியவரை வெறுங்கையோடு அனுப்புவது. 'நானாக இருந்தால் இப்படி முடிப்பேன்' என்றும் சொல்ல வேண்டாம். கதை அவருடையது. இடத்தைக் காட்டுங்கள், போதும்.

விமர்சனம் படைப்பைக் கொன்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை விமர்சனத்துக்காகவே தொடங்கினார். தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்ததும் அதே பக்கங்களில்தான்.

நீங்கள் அனுப்பிய கதைகளில் நான்கு மேசைமேல் இருக்கின்றன. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டோம். ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்கள் இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும்.