குடும்பிமலை ஏன் தனியே நிற்கிறது?

வணக்கம். குடும்பிமலை என்றதும் நிறையப் பேருக்கு 2007 ஜூலையில் இராணுவம் அதைப் பிடித்த செய்திதான் ஞாபகம் வரும், தொப்பிகல என்ற பெயரில் நாள் முழுக்கச் செய்தியில் ஓடியது. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரான், சித்தாண்டி, சந்திவெளிப் பக்கத்துச் சனத்துக்கு அது மாடும் தண்ணீரும் வயலும் சம்பந்தப்பட்ட மலை. இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: தரவைப் பக்கமிருந்து மலை]

உயரம் 500 மீற்றருக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர். அப்படியிருந்தும் இது இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், சுற்றிவர நிலம் தட்டையாகக் கிடப்பது. இந்த மலை பூமிக்குள்ளிருந்து கிளம்பி வந்ததில்லை, சுற்றியிருந்த நிலம்தான் கரைந்து கீழே போனது. கிழக்கிலங்கையின் அடிப்பாறை ஏறக்குறைய 100 கோடி ஆண்டுப் பழசு. வெடிப்பு அதிகமுள்ள இடத்தில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பாறை உக்கி மண்ணாகி, அடித்துக்கொண்டு போய்விடும். வெடிப்புக் குறைந்த பாறையில் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடிவிடுவதால் அது அப்படியே மிஞ்சும். அப்படி மிஞ்சியதுதான் குடும்பிமலை.

சரி, அந்தத் தட்டை நிலத்துக்கு மாரி வந்தால் என்ன நடக்கும்? நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது மாதுறு ஓயாவும் முந்தனை ஆறும் பெருகும், கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் சரிவில்லாததால் அகலமாகப் பரவும், கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி அதில் மூழ்கிவிடும். அப்புறம் தோணியும் உழவு மெசினும்தான். பால் கேனைக் கொழுவிய மோட்டார் சைக்கிளையே தோணியில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவருவார்கள். வருத்தக்காரர், கர்ப்பிணிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே தோணிதான், இது வருடா வருடம் நடப்பதை நாம் பழகிப்போன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலை பார்க்கப் போகிறவர்கள் மாரியைத் தவிருங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை வீதி காய்ந்திருக்கும், ஆனால் மத்திய மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஆளையே வறுத்துவிடும், அதனால் விடியவே வெளிக்கிடுங்கள், தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், யானை நடமாட்டம் இருப்பதால் பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள்.

இனி மாடு. பெரும்போகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் ஊருக்குள் பட்டி நிற்க இடமில்லை, வெள்ளாமை வெட்டும்வரை மேற்கே கொண்டுபோக வேண்டும். அப்படி மாடு போகும் பெரிய மேய்ச்சல் தரைதான் மயிலத்தமடு, மாதவனை. அங்கே வெளி மாவட்டத்தவர் வந்து பயிர்செய்யத் தொடங்கியதால், பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் வீதியோரம் பந்தல் போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்பது, அந்த நிலத்தை மேய்ச்சல் தரையென்று எல்லை போட்டு வர்த்தமானியில் அறிவியுங்கள் என்பதுதான். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் மாரியில் அந்த மாடுகளுக்குப் போக வேறு இடம் கிடையாது.